யார் கடைக்குக் கூட்டம் போனது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா வெல்ஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வெள்ளையர் கும்பல்கள் கறுப்பர்களைக் கொன்ற கும்பல் கொலைகளைப் பற்றி அவர் 1892இல் எழுதத் தொடங்கினார். அமெரிக்காவில் அதற்கென்று தேசியச் சட்டம் வந்ததோ 2022இல். அப்புறம் எழுதி என்ன பயன்? நான் இங்கே உள்ளூர் நிருபர். சாதி அடிதடியை எப்படி எழுதிக் கொடுத்தாலும் ‘இரு தரப்பு மோதல்’ என்றுதான் அச்சாகிறது.

— ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் சலிப்பு நியாயம்தான். வெல்ஸ் செய்தது வேறு வேலை. மெம்ஃபிஸ் நகரில் அவருடைய கறுப்பின நண்பர் தாமஸ் மாஸ் சிலரோடு சேர்ந்து மளிகைக்கடை வைத்தார். பக்கத்து வெள்ளைக்காரர் கடையில் வியாபாரம் படுத்தது. தகராறு முற்றி, மாஸையும் கடையைச் சேர்ந்த இருவரையும் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். கும்பல் கொலை என்றால் பெண்ணைக் கெடுத்தவனுக்குக் கிடைத்த தண்டனை என்றே அதுவரை பேச்சு. வெல்ஸ் ஒவ்வொரு கொலையாகக் கிளறினார். கணக்குக்கு ‘சிகாகோ டிரிபியூன்’ பட்டியலையே எடுத்தார். வெள்ளையர் பத்திரிகை, மிகைப்படுத்துகிறாள் என்று யாரும் வாய்திறக்க முடியாது. மூன்றில் ஒரு பங்குக் கொலைகளில்தான் அந்தக் குற்றச்சாட்டே இருந்தது. அவருடைய பத்திரிகை ஆபீஸை அடித்து நொறுக்கினார்கள். நியூயார்க்கிலிருந்து எழுதினார்.

நம் பக்கம் வாருங்கள். 1930 டிசம்பரில், நம் ஊர்களெல்லாம் அடங்கிய அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடர்களுக்குக் கள்ளர் சாதி நாட்டார்கள் 8 தடைகள் போட்டார்கள். நகை கூடாது, சட்டை கூடாது, கிராப்பு கூடாது, குடை, செருப்பு கூடாது, மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்த வருஷம் தடைகள் 11 ஆயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. சென்சஸ் கமிஷனர் ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார்.

இனமும் சாதியும் ஒன்றா என்று சண்டைக்கு வருவார்கள். சரி, ஒன்றல்ல. ஆனால் அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் கையில் நாலு காசு சேர்ந்தால் வாங்குகிற சாமான்கள். அங்கே ஒருவர் கடை வைத்தார், இங்கே ஒருவர் குடை வாங்கினார்.

ஆகவே தலைப்பை, ஆபீஸில் செய்தியைத் திருத்தும் டெஸ்க்காரர் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள். அடி விழுவதற்கு முந்தின மாதங்களில் அந்தத் தெருவில் யார் வீடு கட்டினார்கள், யார் பைக் வாங்கினார்கள், திருவிழாவில் யார் மண்டகப்படி கேட்டார்கள் என்று விசாரித்து உள்ளே 2 வரி சேருங்கள். எஃப்.ஐ.ஆரிலோ தாசில்தார் கூட்டிய சமாதானக் கூட்டத்துப் பேப்பரிலோ அது இருந்தால் இன்னும் நல்லது. அரசாங்கக் காகிதத்தை வெட்ட டெஸ்க்காரருக்கும் கை வராது.