நூறு பேர் வந்தாங்க, படிச்சது எத்தனை பேர்?

சிங்கப்பூர்ல புக்கு போடறவங்க, பிளாக் எழுதறவங்க கேக்கற கேள்விக்கு இங்க பதில் சொல்றேன், இந்தத் தடவ கடிதம் நிறைய. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்துட்டேன். புக்கு பேரும் சொல்லாம, என்ன எழுதறோம்னும் சொல்லாம "ஏன் ஆள் வரல"ன்னு மட்டும் கேட்ட மூணு பேருக்கு பதில் கிடையாது, எனக்கு ஜோசியம் தெரியாது.

உட்லண்ட்ஸ் வாசகி: பிளாக்ல வாரத்துக்கு எத்தனை பதிவு போடணும்?

ஒண்ணு. ஒரே கிழமையில. முடியலன்னா ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, ஆனா அதுவும் அதே கிழமையில.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: நாலு வருஷமா கவிதை போடறேன். கூகுள்ல தேடுனா ஒண்ணுமே வரமாட்டேங்குது.

உங்க பக்கத்தைப் பாத்தேன் சார். எல்லாமே ரோஜாப்பூ மேல எழுதின படம். படத்துக்குள்ள இருக்கற எழுத்தை கூகுள் பிடிச்சுக்கும்னு நம்பி உக்காரக் கூடாது, பார்வை இல்லாதவங்களுக்கு போன் வாசிச்சுக் காட்டுதே, அதுக்கும் அது வெறும் படம்தான். உங்க பழைய பதிவெல்லாம் பாமினிங்கற பழைய தமிழ் ஃபாண்ட்ல கிடக்கு, அந்த ஃபாண்ட் இல்லாத போன்ல திறந்தா இங்கிலீஷ் எழுத்தா கொட்டுது. எல்லா போன்லயும் தமிழாவே தெரியற யூனிகோட்ல டைப் பண்ணுங்க, ரோஜாப்பூ வேணும்னா கீழ வைங்க. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு.

பொங்கோல் வாசகி: புக்குக்கு அடையாள எண்ணா போடற ஐஎஸ்பிஎன் வாங்க எவ்வளவு ஆகும்? நூலகத்துல வெச்சா வாசகர் வருவாங்களா?

காசே வேணாம், தேசிய நூலக வாரியம் இலவசமா கொடுக்குது. அவங்க தளத்துலயே இருக்கு, ஒரு நிமிஷம் தேடியிருக்கலாம். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி வாங்குங்க. புக்கு வந்த 4 வாரத்துக்குள்ள 2 பிரதி அவங்ககிட்ட ஒப்படைக்கணும், அது சட்டம். ஆனா அந்த ரெண்டும் பாதுகாப்புக்குப் போறது, நீங்க நினைக்கற மாதிரி உங்க வட்டார நூலக அலமாரிக்கு இல்ல. அதுக்கு அவங்க தனியா வாங்கணும்.

தோ பாயோ வாசகர்: வெளியீட்டு விழாவுக்கு நூறு பேர் வந்தாங்க, 90 புக்கு போச்சு. பிளாக்ல மட்டும் பத்து பேர்கூட இல்ல. அந்த வாசகர் எல்லாம் எங்க போனாங்க?

அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அவங்க வாசகர் இல்ல. மொய் வெக்க வந்தவங்க. நம்ம ஊர் விழா எப்படி நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாததா? சனிக்கிழம சாயங்காலம் ஒரு ஹால், ஆறு பேர் பேசுவாங்க, அதுல நாலு பேர் முன்னுரை மட்டும் படிச்சிருப்பாங்க, பொன்னாடை, கவர்ல 10 வெள்ளியோ 20 வெள்ளியோ, மேடையில போட்டோ, கீழ வந்தா வடையும் கேசரியும். அடுத்த மாசம் அவங்க விழாவுக்கு நீங்க அதே கவரோட போவீங்க. இது தப்புன்னு சொல்லல, உறவு வேணும்தான், ஆனா அந்தக் கணக்கை வாசகர் கணக்குல எழுதாதீங்க. நானும் எழுதுனவன்தான். முதல் புக்கு 300 அடிச்சு 140 விழாவுலயே போச்சுன்னு தலைகால் புரியல. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் கீழ திறந்து கிடக்கற வாய்ட் டெக்ல பழைய பேப்பர் கட்டுக்குள்ள என் புக்கைப் பாத்தேன், மடிப்புகூட விழல, நான் கையெழுத்து போட்ட பக்கத்தை மட்டும் கிழிச்சிருந்தாங்க. அந்த மட்டும் நாகரிகம். மிச்சம் ரெண்டு பெட்டி இன்னும் வீட்டு பாம் ஷெல்டர்லதான் இருக்கு, அரிசி மூட்டைக்குப் பக்கத்துல.

இப்ப என்ன செய்யலாம்னா, வாங்குனவங்களுக்கு ஒவ்வொருத்தரா, திரும்பவும் சொல்றேன், ஒவ்வொருத்தரா, "எந்தக் கதையில நிறுத்துனீங்க?"ன்னு கேளுங்க. வாட்ஸ்அப் குரூப்ல பொதுவா கேட்டா கைகூப்பு எமோஜிதான் வரும். 90 பேர்ல ஒரு ஆறு பேர் ஒழுங்கா பதில் சொல்வாங்க, அந்த ஆறு பேருக்குத்தான் அடுத்த பதிவோட லிங்க்கை அனுப்பணும். அடுத்த விழாவுல பேச்சாளர்ல நாலு பேரைக் குறைச்சுட்டு, நல்லா வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரை உங்க கதையில பத்து நிமிஷம் வாசிக்க வெச்சு பாதியில நிறுத்துங்க.

ஈசூன் வாசகர்: நாவலை அமேசானோட மின்புத்தகத் திட்டமான கிண்டில் செலக்ட்ல சேத்துட்டேன். அதையே பிளாக்ல தொடரா போடலாம்ல?

கூடாது. 90 நாளைக்கு மின்வடிவம் அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கணும்னு ஒத்துக்கிட்டுத்தானே டிக் பண்ணீங்க? மாதிரிக்கு ஒரு பத்து சதவீதம் போடலாம், அச்சு புக்கு விக்கறதுக்கும் தடை இல்ல. அந்த 90 நாள் தானா புதுப்பிச்சுக்கும், வேணாம்னா நீங்கதான் போய் எடுக்கணும். டிக் பண்றதுக்கு முன்னாடி படிங்க.

அங் மோ கியோ வாசகி: ஒரே நாள்ல 3000 பார்வை, எல்லாம் தமிழே இல்லாத நாட்டுல இருந்து!

அது ஆள் இல்ல, தானா ஓடற புரோகிராம், பாட்னு சொல்வாங்க. பார்ட்டி வெச்சுடாதீங்க.

தேக்கா வாசகர்: வாய்ட் டெக், கோப்பிக் கடைன்னு எழுதுனா தமிழ்நாட்டுல புரியுமா?

கரிசக்காட்டுக் கதை படிக்கறப்ப நமக்கு யாரு அகராதி கொடுத்தா? அப்படியே எழுதுங்க, அடைப்புக்குறியில விளக்கம் வேணாம்.

செங்காங் வாசகி: மாமியாரைப் பத்தி பேர் சொல்லாம ஒரு பதிவு எழுதுனேன். அவங்க படிச்சுட்டாங்க.

கடைசி வரைக்கும் படிச்சாங்களா? அப்ப அடுத்த வாரமும் வருவாங்க. கிழமை மாறாம போடுங்க.