பீடக்கல்லும் பன்னிரண்டு பென்ஸும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டியூடர் காலத்து இங்கிலாந்தைப் பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். பள்ளி நாட்களிலிருந்தே என் மனத்தில் ஒரு சித்திரம் பதிந்திருக்கிறது. கத்தோலிக்கரான முதலாம் மேரி, எதிர்ச் சமயத்தாரான புரட்டஸ்தாந்தரை உயிரோடு எரித்தவர். அவருக்குப் பின் வந்த, புரட்டஸ்தாந்தரான முதலாம் எலிசபெத் சமயப் பூசலை அடக்கி, மனிதரின் உள்ளத்துக்குள் சன்னல் வைத்துப் பார்க்க விரும்பாமல் ஆண்டவர் என்பது அந்தச் சித்திரம். எனக்கு இரண்டு ஐயங்கள். எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்ட், மேரி, எலிசபெத் என்று ஒரே தலைமுறைக்குள் நான்கு முறை நாட்டின் சமயம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அரசரோடு சேர்ந்து மாறிக்கொண்ட மக்களுக்கு விசுவாசம் என்று ஒன்று உண்மையில் இருந்ததா? இருந்தது என்றால், அவ்வளவு சகிப்புத்தன்மை கொண்ட அரசியை எதிர்த்து 1569இல் வடக்கே ஏன் கிளர்ச்சி எழுந்தது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

நீங்கள் இரண்டாகக் கேட்டிருப்பது ஒரே கேள்வி என்றே நினைக்கிறேன். சன்னலிலிருந்து தொடங்குகிறேன். அந்தச் சொற்கள் எலிசபெத் சொன்னவை அல்ல. அவருடைய கொள்கையை விளக்க முற்பட்ட தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் எழுதியவை. ஆனால் அவற்றில் ஓர் உண்மை இருக்கிறது. எலிசபெத்தின் அரசு குடிமக்களின் உள்ளத்தை விசாரிக்கவில்லை, உடம்பைக் கேட்டது. 1559இல் பிரபுக்கள் அவையில் மூன்றே வாக்கு வித்தியாசத்தில், அவையில் இருந்த ஆயர்களில் ஒருவர்கூட ஆதரிக்காத நிலையில் நிறைவேறிய வழிபாட்டு ஒருமைச் சட்டம், ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொருவரும் தம் பங்குக் கோயிலுக்கு, அதாவது தம் ஊர்த் தேவாலயத்துக்கு, வந்து ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகத்தின்படி நடக்கும் வழிபாட்டில் அமர்ந்திருக்க வேண்டும் என்றது. (தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளில் தமிழில் வழங்கிய ஜெபப் புத்தகமும் அந்த மரபின் வழி வந்ததுதான்.) வராதவருக்கு 12 பென்ஸ் அபராதம். ஒரு கூலியாளுக்கு அது ஓரிரு நாள் உழைப்பு. உள்ளே என்ன நினைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

இதைச் சகிப்புத்தன்மை என்று சொல்லிவிடத் தோன்றும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். சமயம் என்பது மனத்துக்குள் இருக்கும் கருத்து என்று நாம் எடுத்துக்கொள்வதால் வரும் பிழை அது. அன்றைய சிற்றூர்க்காரருக்குச் சமயம் கையில் பிடிக்கும் மெழுகுதிரியில் இருந்தது. இறந்த தாய்க்காக ஒலிக்கும் மணியில், விரலில் உருளும் ஜெபமாலையில், பீடத்தின் கல்லில் இருந்தது. உடம்பைக் கேட்ட அரசு அவர்களிடமிருந்து பெரும்பகுதியைக் கேட்டுவிட்டது.

டெவன் மாவட்டத்தில் எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் விளிம்பில் மோர்பாத் என்று ஒரு சிற்றூர் உண்டு. அன்று அங்கே முப்பத்துச் சொச்சம் குடும்பங்கள்தான். 1520இல் பங்குகுருவாக வந்த கிறிஸ்டபர் டிரிக்கி 1574இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். கோயில் கணக்கைத் தம் கையாலேயே எழுதி ஊரார் முன் வாசித்தவர் அவர். அந்தக் கணக்குகள் இன்றும் இருக்கின்றன. கோயிலுக்கென்று ஆடுகள் இருந்தன. அவற்றை ஊரார் தங்கள் மந்தையோடு சேர்த்து வளர்த்தார்கள், கம்பளி விற்ற பணம் புனிதர்களின் சுரூபங்களுக்கு முன் எரியும் விளக்குகளுக்குப் போனது. இறந்தோருக்கான திருப்பலியில் அணியக் கறுப்புத் திருவுடை ஒன்று வேண்டும் என்பது டிரிக்கியின் நெடுநாள் ஆசை. சிறுகச் சிறுக, ஏறக்குறைய 20 ஆண்டுகள் காணிக்கை சேர்த்து 1547இல் அதை வாங்கினார்கள். அதே ஆண்டில் எட்வர்ட் அரியணை ஏறினார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தோருக்கான திருப்பலி சட்டத்துக்குப் புறம்பானது. ஆடுகள் விற்கப்பட்டன, விளக்குகள் அணைந்தன.

1549இல் ஆங்கில ஜெபப் புத்தகத்தை எதிர்த்து டெவனும் கார்ன்வாலும் எழுந்தபோது, எக்ஸிட்டருக்கு வெளியே கிளர்ச்சியாளர்கள் போட்டிருந்த முகாமுக்கு இந்தச் சிற்றூர் ஐந்து பேரைக் கோயில் பணத்தில் ஆயுதம் வாங்கிக் கொடுத்து அனுப்பியது. அந்தக் கிளர்ச்சி ஆயிரக்கணக்கான உயிர்களோடு நசுக்கப்பட்டது. மேரி வந்ததும், ஊரார் தங்கள் வீடுகளில் பதுக்கிவைத்திருந்த கோயில் பொருட்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்ததை டிரிக்கி நன்றியோடு எழுதிவைக்கிறார். ஐந்தாறு ஆண்டுகளில் எலிசபெத் வந்தார். திருப்பலிக்கான கல் பீடம் போய் வெறும் மேசை வந்தது. டிரிக்கி போகவில்லை. தாம் ஏற்காத புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தாம் ஞானஸ்நானம் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், தமக்கு முப்பது நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்தவர்களை அடக்கம் செய்தார்.

இவரை விசுவாசமற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஊர் மக்களையும் அப்படித்தான். அவர்களுடைய விசுவாசத்தில் ஊர் இருந்தது. ஊரைவிட்டுத் தனியாக நின்று காக்க வேண்டிய ஒன்றாக அதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. பணிந்தது உண்மை. ஆனால் பணிவதற்கு முன் ஐந்து பேரை அனுப்பினார்கள்.

எலிசபெத் காலத்து அன்றாட வாழ்க்கை இப்படிச் சிறிது சிறிதாக மாறியது. அனைத்து ஆன்மாக்கள் திருநாள் இரவில் இறந்தோருக்காகக் கோயில் மணி அடிப்பது தடைசெய்யப்பட்டது. பதிலாக, அரசி பட்டத்துக்கு வந்த நவம்பர் 17 அன்று மணிகள் முழங்கத் தொடங்கின. யார்க் நகரத்துக் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெருவில் நடத்திவந்த விவிலிய நாடகத் தொடர் கடைசியாக நடந்தது 1569இல். என்னை மிகவும் யோசிக்கவைப்பது மீன் சட்டம்தான். வெள்ளி, சனிக்கிழமைகளில் புலால் தவிர்ப்பது பழைய கத்தோலிக்க வழக்கம். 1563இல் நாடாளுமன்றம் அதோடு புதன்கிழமையையும் சேர்த்தது. மீனவர் பெருகினால் கடற்படைக்கு ஆள் கிடைக்கும் என்பது அமைச்சர் வில்லியம் செசிலின் கணக்கு. அந்த நாட்களில் இறைச்சி உண்டால் 3 பவுண்டு அபராதம். அந்தச் சட்டத்திலேயே இன்னொரு விதியும் இருந்தது: மீன் உண்பது ஆன்ம மீட்புக்குத் தேவை என்று யாராவது பேசினாலோ எழுதினாலோ பொய்ச்செய்தி பரப்பியவராகத் தண்டிக்கப்படுவார். தட்டில் இருக்கும் மீன் அதே மீன்தான். பாட்டி எதற்காக அதை உண்டாளோ அதைப் பேத்தி வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

இப்போது 1569. நார்த்தம்பர்லாந்து பிரபு தாமஸ் பெர்சி, வெஸ்ட்மர்லாந்து பிரபு சார்லஸ் நெவில் ஆகிய இருவரும் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார்கள். அவர்களுக்குச் சொந்தக் குறைகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. வடக்கில் பரம்பரையாக வந்த அதிகாரம் புதியவர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. பெர்சியின் நிலத்தில் கண்ட செம்புச் சுரங்கத்தை அரசு தனதாக்கிக்கொண்டது. 1568இல் கத்தோலிக்கரான ஸ்காட்லாந்து அரசி மேரி (முன் சொன்ன முதலாம் மேரி வேறு) தப்பியோடி வந்து இங்கிலாந்தில் காவலில் இருந்தார், அவரை வைத்து அரசவையில் நடந்த சூழ்ச்சிகளில் இவர்கள் பெயரும் அடிபட்டது. பிரபுக்கள் ஏன் எழுந்தார்கள் என்பதற்கு இது போதும். அவர்கள் பின்னால் ஆயிரக்கணக்கில் உழவர்களும் கைவினைஞர்களும் ஏன் போனார்கள் என்பதற்கு இது போதாது.

நவம்பர் 14 அன்று அவர்கள் டர்ஹம் பேராலயத்துக்குள் நுழைந்து ஆங்கில விவிலியத்தையும் ஜெபப் புத்தகங்களையும் கிழித்தெறிந்து, நற்கருணை மேசையை உடைத்தார்கள். லத்தீன் திருப்பலி மீண்டும் அங்கே நடந்தது. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய ஒரு சிறு செய்தி உதவும். பேராலயத்தின் பழைய நாட்களை நினைவுகூர்ந்து 1593இல் ஒருவர் எழுதிவைத்த குறிப்பில், சீர்திருத்தக் கட்சியைச் சேர்ந்த தலைமைக்குரு விட்டிங்ஹம் கோயில் வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டிகளைத் தம் வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோய், அவற்றில் மாட்டிறைச்சியும் உப்பு மீனும் ஊறவைத்ததாகச் சொல்கிறார். நுழையும்போதெல்லாம் விரல் நனைத்துச் சிலுவை வரைந்துகொண்ட தொட்டியில் அது நடந்தது.

டர்ஹத்துக்குச் சற்றுத் தள்ளியுள்ள செட்ஜ்ஃபீல்டில் நடந்ததை நான் அடிக்கடி எண்ணிக்கொள்வேன். எலிசபெத் வந்தபின் பீடங்களை இடித்து அகற்றவேண்டும் என்று ஆணை வந்தபோது, அவ்வூரார் பீடக்கல்லை உடைக்காமல் மறைத்துவைத்திருந்தார்கள். பத்து ஆண்டுகள் ஞாயிறுதோறும் மேசைக்கு முன் அமர்ந்து, 12 பென்ஸ் அபராதத்துக்கு இடம் கொடுக்காமல், கல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் மறக்காமல் இருந்திருக்கிறார்கள். கிளர்ச்சிச் செய்தி வந்ததும் பல பேர் கூடி அதை இழுத்துவந்து மறுபடி நிறுவினார்கள், ஆங்கிலப் புத்தகங்களைத் தீயிலிட்டார்கள். இது நமக்குத் தெரிவதற்குக் காரணம், கிளர்ச்சிக்குப் பின் திருச்சபை நீதிமன்றம் அவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, யார் கல்லை இழுத்தது, யார் புத்தகத்தை எரித்தது என்று கேட்டு எழுதிக்கொண்டதுதான். உங்கள் முதல் கேள்விக்கு இந்தக் கல்லைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கிளர்ச்சி ஒன்றரை மாதம்கூட நிலைக்கவில்லை. தெற்கே இறங்கிய படை, ஸ்காட்லாந்து அரசி கைக்கெட்டாத தூரத்துக்கு மாற்றப்பட்டதை அறிந்து திரும்பியது. பார்னார்ட் கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த அரச வீரர்களிலேயே பலர் மதிலிலிருந்து குதித்துக் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார்கள், குதித்ததில் கை கால் முறிந்தவர்களும் உண்டு. அரச படை நெருங்கியதும் பிரபுக்கள் ஸ்காட்லாந்துக்குள் ஓடிவிட்டார்கள். விலை ஊரார் தலையில் விழுந்தது. ஏறக்குறைய 700 பேரைத் தூக்கிலிடச் சொல்லி ஊர்வாரியாகப் பட்டியல் போடப்பட்டது. நிலம் உள்ளவர்களை இராணுவச் சட்டப்படி உடனே கொல்லக் கூடாது, முறையான விசாரணைக்கு வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. சட்டப்படி தண்டித்தால்தான் அவர்களுடைய நிலம் அரசிக்குச் சேரும். நிலமற்றவர்கள் தங்கள் ஊரிலேயே தூக்கில் தொங்கினார்கள். சகிப்புத்தன்மையின் ஆட்சி என்று பாடநூல்கள் சொல்லும்போது இந்தப் பட்டியலை நான் நினைத்துக்கொள்கிறேன்.

முதலாம் மேரியை நல்லவராக்குவதற்காக இதை எழுதவில்லை. நான்கு ஆண்டுக்கும் குறைவான காலத்தில் ஏறக்குறைய 280 பேரை அவருடைய ஆட்சி எரித்தது. அவர்களில் பலர் நெசவாளர்கள், கூலியாட்கள், பெண்கள். அந்தச் சாவுகளை எந்தக் கணக்கைக் காட்டியும் சிறிதாக்க முடியாது.

கிளர்ச்சி அடங்கிய பிறகுதான் சன்னல் உண்மையில் திறந்தது. 1570 பிப்ரவரியில் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைச் சபைநீக்கம் செய்து, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று ஆணையிட்டார். கிளர்ச்சியாளருக்கு உதவ அது காலம் கடந்து வந்தது. ஆனால் பணிந்துபோன ஒவ்வொரு கத்தோலிக்கரையும் துரோகியாகச் சந்தேகிக்க அரசுக்கு அது காரணம் கொடுத்தது. அந்த ஆணையை எழுதியவர்கள் செட்ஜ்ஃபீல்டு மக்களைப் பற்றி ஒரு நொடியாவது யோசித்தார்களா என்று எனக்கு ஆற்றாமை உண்டு. 1571இல் உரோமையிலிருந்து வந்த மந்திரித்த ஜெபமாலையும் சிலுவையும் வைத்திருப்பதே குற்றமாயிற்று. 1581இல் கோயிலுக்கு வராததற்கான அபராதம் மாதம் 20 பவுண்டாக உயர்ந்தது. ஒரு கூலியாளின் இரண்டாண்டு வருமானம் அது. 1585இல், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று வந்த குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுத்தாலே மரண தண்டனை என்றானது.

இந்த அபராதச் சட்டம் பெண்களை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. மணமான பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணில் தனிச் சொத்து இல்லை, அபராதத்தை அவளிடம் வசூலிக்க முடியாது. ஆகவே கணவன் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய்ச் சொத்தைக் காப்பதும், மனைவி போகாமல் வீட்டில் பழைய சமயத்தைக் காப்பதும் பல குடும்பங்களின் ஏற்பாடாக இருந்தது. யார்க் நகரத்தில் இறைச்சிக் கடைகள் நிறைந்த ஷாம்பிள்ஸ் தெருவில் வாழ்ந்த மார்கரெட் கிளிதரோ அப்படிப்பட்டவர். கணவர் ஜான் இறைச்சி வணிகர், அரசின் சபையைச் சேர்ந்தவர். மார்கரெட் கத்தோலிக்கரானவர்; கோயிலுக்குப் போகாததற்காகப் பலமுறை சிறைக்குப் போனார், எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றதே சிறையில்தான். 1586 மார்ச்சில் வீட்டைச் சோதனையிட்டபோது, அங்கிருந்த சிறுவன் ஒருவன் மிரட்டலுக்கு அஞ்சிக் குருவானவரின் அறையைக் காட்டிவிட்டான்.

நீதிமன்றத்தில் மார்கரெட் குற்றத்தை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வழக்கு நடந்தால் தம் பிள்ளைகளையும் வேலையாட்களையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள் என்று அறிந்திருந்தார். பதில் சொல்ல மறுத்தவருக்கான தண்டனை, மேலே ஒரு கதவை வைத்துப் பாரம் ஏற்றிக் கொல்வது. மார்ச் 25 அன்று அது நிறைவேறியது. சாகும் முன் தம் தொப்பியைக் கணவருக்கும், காலணியையும் காலுறையையும் மகள் ஆனுக்கும் அனுப்பிவைத்தார் என்று அவருடைய ஆன்ம குரு எழுதியிருக்கிறார். அந்த மகள் பின்னாளில் லூவேன் நகரத்தில் கன்னியாஸ்திரீ ஆனாள்.

எலிசபெத்தின் சபையை விட்டுக் கடைசிவரை விலகாத ஜான், தண்டனையைக் கேட்டபோது அழுது சொன்னதும் அதே குறிப்பில் இருக்கிறது: என்னிடம் உள்ளதை எல்லாம் எடுத்துக்கொண்டு என் மனைவியைக் காப்பாற்றுங்கள், இங்கிலாந்திலேயே சிறந்த மனைவி அவள், சிறந்த கத்தோலிக்கரும் அவள்தான்.

அன்புடன்.