மாமா நீட்டிய ரெசிஸ்டர்

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இ.சி.இ. முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை வீட்டில் இருக்கிறேன். என் தாய்மாமா ஹாம் ரேடியோ, அதாவது கோபுரம், நெட்வொர்க் எதுவும் இல்லாமல் நேரடியாகப் பேசும் வானொலி, வைத்திருப்பவர். இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு வைத்து என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். 7 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவுக்காக ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸ் கேபிளைச் சுற்றி ஒரு சோக் (கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் வேண்டாத மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) செய்திருந்தார். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த நண்பர்கள் மூன்று பேரிடம் "5000 ஓமுக்குக் குறையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் புதிதாக வாங்கிய நானோ வி.என்.ஏ.வில் (ரேடியோ அலைவரிசையில் தடையை அளக்கும் கையடக்கக் கருவி) மாட்டிப் பார்த்தேன். 7.1 மெகாஹெர்ட்ஸில் 750 ஓம்தான் காட்டியது. எல்லோர் எதிரிலும் திரையைக் காட்டினேன். மாமா ஏதோ ஒரு ரெசிஸ்டரை எடுத்து நீட்டி, "முதல்ல இதை வச்சுப் பாரு" என்றார். பேச்சை மாற்றுகிறார் என்று நான் வாங்கவில்லை. கருவியை அளவுக்குச் சரிசெய்யும் காலிபரேஷன் எல்லாம் வாங்கின அன்றைக்கே, கூட வந்த ஓப்பன், ஷார்ட், லோட் என்ற மூன்று துண்டுகளையும் கருவியின் வாயிலேயே திருகி, முழு அலைவரிசைக்கும் செய்து சேவ் பண்ணியாகிவிட்டது. சோக்கை, பெட்டியில் வந்த ஒரு அடி கேபிள் வழியாகத்தான் மாட்டினேன். அன்றிலிருந்து மாமா என்னிடம் பேசுவதில்லை. அம்மா மன்னிப்புக் கேள் என்கிறார். அளந்ததைச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு? கருவியை நம்பாதவருக்கு எப்படிப் புரியவைப்பது? இன்னும் நல்ல கேபிள் வாங்கிக் காட்டினால் நம்புவாரா?
– பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: மாமா நீட்டிய ரெசிஸ்டரின் மதிப்பு என்ன?

அதை எழுதவில்லை நீங்கள். 7 மெகாஹெர்ட்ஸ், 5000, 750, ஒரு அடி கேபிள், மூன்று நண்பர்கள் என்று மற்றதெல்லாம் கணக்காக இருக்கிறது. ரெசிஸ்டர் மட்டும் 'ஏதோ ஒன்று'. இ.சி.இ. படித்த பெண், அதன் வண்ணக் கோடுகளைக்கூடப் பார்க்காமல் கையை மடக்கிக்கொண்டிருக்கிறார். இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. ஒரு வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, இன்னொரு வீட்டில் மண் பரிசோதனை அறிக்கை. புதிதாகக் கருவி வாங்கியவர் வீட்டில் மூத்தவரை மடக்கிவிட்டு, "நான் உண்மையைத்தானே சொன்னேன்" என்று எழுதுவார். அவர்களில் யாரும் உங்களைப்போல, தான் வழுக்கிய இடத்தைத் தன் கையாலேயே எழுதி அனுப்பியதில்லை.

இரண்டு மா நிலம், ஒத்தி, நன்றிக்கடன் என்று ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆரம்பிக்கப்போவதில்லை. படிக்கவைத்த காரணத்துக்காக 750-ஐ 5000 என்று ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால் அந்தப் படிப்புக்கு அந்த நிலத்தை ஒத்தி வைத்ததே தண்டம். மூத்தவர் தப்பாகச் சொன்னால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உங்கள் மாமா அன்றைக்குச் சொன்னது தப்பில்லை. மதிப்பு தெரிந்த ஒரு பொருளை முதலில் அளந்து காட்டு, அப்புறம் தெரியாததை அள என்றார். நாலு வருஷம் லேபில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய முதல் பாடம் அது. உங்களுக்கு அது பேச்சை மாற்றுவதாகத் தெரிந்திருக்கிறது.

சரி, அந்த 750 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நீங்கள் காலிபரேஷன் செய்தது கருவியின் வாயில். அதாவது "இந்த இடத்திலிருந்து அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் அளக்கவேண்டிய பொருள்" என்று கருவிக்குச் சொல்லிவிட்டீர்கள். பிறகு அந்த இடத்தில் ஒரு அடி கேபிளைத் திருகினீர்கள். கருவி சொன்னபடி கேட்டது. கேபிளையும் சேர்த்துத்தான் அளந்தது. சாதாரண 50 ஓம் கோஆக்ஸ் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. ஒரு அடிக்கு 30. 7.1 மெகாஹெர்ட்ஸில் 30 பிகோஃபாரடின் ரியாக்டன்ஸ், அதாவது அந்த அலைவரிசையில் அது காட்டும் தடை, எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். 747 ஓம்.

அந்த 750 உங்கள் கேபிளின் எண், அம்மா. மாமாவின் சோக்குக்கும் அதற்கும் ஒட்டில்லை, உறவில்லை.

இன்னும் கேளுங்கள். சோக் உண்மையிலேயே 5000 ஓம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு இணையாகக் கேபிளின் 747 நிற்கும்போது (கெப்பாசிட்டன்ஸின் தடை 90 டிகிரி தள்ளி நிற்பதால் சாதாரண இணைத் தடைக் கணக்கு இங்கே ஓடாது) திரையில் 739 வரும். சோக்கைக் கழற்றிவிட்டு வெறும் கேபிளை அளந்திருந்தால் 747. மாமா நீட்டியது 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டராக இருந்தால் (மஞ்சள், ஊதா, சிவப்பு; 5000 என்று பேசிக்கொண்டிருந்தவர் கைக்கு அதுதான் வந்திருக்கும் என்பது என் ஊகம்) அதற்கும் 738. மூன்றுக்கும் ஒரே விடை. அந்த ரெசிஸ்டரை வாங்கி மாட்டியிருந்தால் 4700 வரவேண்டிய இடத்தில் 740 வந்து நின்றிருக்கும். ஒரு நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும். மூன்று பேரும் காபி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இதைவிட ஒன்று. நல்ல ஃபெரைட் சோக் தனக்குரிய அலைவரிசையில் பெரும்பாலும் மின்தடையாகத்தான் நடந்துகொள்ளும். அப்படிப்பட்ட சோக் நிஜமாகவே 750 ஓமாக இருந்திருந்தால், கேபிளோடு சேர்ந்து திரையில் 530 அளவில் வந்திருக்கும். உங்களுக்கு 530 வரவில்லை. நீங்கள் காட்டிய எண், சோக் 750-க்கு நிறையவே மேலே இருக்கிறது என்றுதான் சொல்கிறது. மாமாவுக்கு எதிராக நீங்கள் கூட்டிவந்த சாட்சி அவர் பக்கம் நின்றிருக்கிறது. நீங்கள் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

உங்கள் ஊரில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை கொண்டுபோகும் யாரையாவது கேளுங்கள். தராசு வெறுமையாக இருக்கும்போது சுழியில் நிற்கிறதா என்று பார்க்காமல் நெல்லை ஏற்றவிடுவாரா? படிக்காதவருக்கும் தெரிந்த காரியம் இது.

காலிபரேஷனை "வாங்கின அன்றைக்கே செய்தாகிவிட்டது" என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். அது காதுகுத்து மாதிரி ஒருமுறை செய்து முடிக்கிற சடங்கா? நீங்கள் செய்தது முழு அலைவரிசைக்கு. உங்களுடையது பழைய மாடல் நானோ வி.என்.ஏ. என்றால், அதில் 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை 101 புள்ளிதான். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவில் 9 மெகாஹெர்ட்ஸ். உங்கள் 7.1 எந்தப் புள்ளியிலும் இல்லை. முதல் இரண்டு புள்ளிக்கு நடுவே கருவி குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டது. அலைவரிசையை மாற்றினால், கேபிளை மாற்றினால், ஒரு கிளிப்பைச் சேர்த்தால், மறுபடி செய்யவேண்டும். 1 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் என்று சுருக்கிக்கொண்டு, ரீசெட் அழுத்தி, கேபிளின் நுனியில், பொருள் தொடப்போகிற இடத்தில், ஓப்பன், ஷார்ட், லோட் மூன்றையும் செய்யுங்கள். முடித்தபின் ஷார்ட்டை மறுபடி மாட்டினால் ஸ்மித் படத்தில் (திரையில் வட்டமாகத் தெரியும் வரைபடம்) புள்ளி இடது ஓரத்துக்குப் போகவேண்டும், ஓப்பனுக்கு வலது ஓரத்துக்கு, லோடுக்கு நடுவில். அங்கே போய் உட்காராமல் வால் நீண்டால் எதையும் அளக்காதீர்கள்.

அப்படிச் செய்தாலும் 5000 ஓமை இந்த வழியில் நம்பி அளக்க முடியாது. இது பலருக்குத் தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நீங்கள் அளந்தது எஸ்11. அது, போன அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற விகிதம். 50 ஓமுக்கு எதுவும் திரும்பாது. அதன் அக்கம்பக்கத்தில், சில ஓமிலிருந்து சில நூறு ஓம்வரை, கணக்கு நன்றாக வரும். 5000 ஓமுக்கு 100-இல் 98 பங்கு திரும்பிவிடும். அந்த 0.98, 0.97 என்று கொஞ்சம் நழுவினால் விடை 3300 ஓம், 0.99 என்று நழுவினால் கிட்டத்தட்ட 10000. நூற்றில் ஒரு பங்கு பிசகுக்கு மூன்று மடங்கு வித்தியாசம். கையடக்கக் கருவியில், ஆடுகிற கேபிளில், அந்த ஒரு பங்கு பிசகு வராமல் இருக்காது.

ஆகவே பெரிய இம்பீடன்ஸை (மொத்தத் தடையை) எஸ்21 வழியாக, அதாவது ஒரு வாயிலிருந்து மறுவாய்க்கு எவ்வளவு அலை போய்ச் சேருகிறது என்ற விகிதத்தால், அளக்கவேண்டும். இரண்டு எஸ்.எம்.ஏ. சாக்கெட்டை (கருவியின் வாயில் இருக்கும் திருகு சாக்கெட் மாதிரி) ஒரு சின்னக் காப்பர் போர்டில் எதிரெதிரே வைத்துப் பற்றவையுங்கள். இரண்டின் கிரவுண்டும் போர்டிலேயே சேர்ந்திருக்கட்டும். நடு ஊசி இரண்டுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி. முதலில் அந்த இடைவெளியைக் குட்டையான கம்பியால் இணைத்து த்ரூ காலிபரேஷன் செய்யுங்கள். பிறகு கம்பியை எடுத்துவிட்டு அளக்கவேண்டிய பொருளை அங்கே வையுங்கள். சோக்கில் நமக்கு வேண்டியது கோஆக்ஸின் வெளிப்பின்னல். ஒரு முனையின் பின்னலை ஒரு ஊசியிலும் மறுமுனையின் பின்னலை மற்றதிலும் தொடவையுங்கள். கால் கம்பிகள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒரு சாண் கிளிப் வயரெல்லாம் வேண்டாம். 30 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் இரண்டு பிகோஃபாரட் ஒட்டுக் கெப்பாசிட்டன்ஸ்கூட 2650 ஓமாகப் பக்கத்தில் வந்து நிற்கும்.

4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை அந்த இடைவெளியில் வைத்தால் எஸ்21, −33.6 டெசிபெல் காட்டவேண்டும். காட்டினால் உங்கள் அமைப்பு சரி. சோக் −34.2 காட்டினால் 5000 ஓம். டெசிபெலை விகிதமாக மாற்றி, 100-ஐ அதால் வகுத்து, 100-ஐக் கழித்தால் ஓம் கிடைக்கும். பொருள் வெறும் மின்தடையாக இல்லாதபோது ஃபேஸையும் சேர்த்துப் போடவேண்டும். கம்ப்யூட்டரில் நானோ வி.என்.ஏ. சேவர் என்ற மென்பொருள் இருந்தால் அதுவே போட்டுக்கொடுக்கும்.

மாமாவுக்கும் ஒரு வார்த்தை. அவருடைய 5000-ம் அளந்து வந்ததாகக் கடிதத்தில் இல்லை. எங்கேயோ ஒரு வரைபடத்தில் பார்த்ததாக இருக்கலாம். வளையத்தின் ஃபெரைட் வகை மாறினால், ஒரு சுற்று கூடக்குறைய இருந்தால், சுற்றுகள் ஒன்றோடொன்று நெருங்கிவிட்டால் உச்சம் வேறு அலைவரிசைக்கு நகர்ந்துவிடும். 7-இல் 5000 இருக்கலாம், 3000 இருக்கலாம். அளந்துதான் தெரியும். ஆனாலும் நண்பர்கள் எதிரில் தன் அக்கா மகள் மடக்கும்போது கத்தாமல் ரெசிஸ்டரைத் தேடி எடுத்த மனிதரை நான் குறை சொல்லமாட்டேன்.

இப்போது குடும்பத்துக்கு வருகிறேன். வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். திண்ணையில் வெளியாள் உட்கார்ந்திருக்கும்போது தாய்மாமாவைத் திருத்தக் கூடாது. பழைய காலத்துப் பேச்சு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு அதில் மாற்றுக் கருத்து கிடையாது. அவர்கள் கிளம்பியபின் அடுக்களைக்கு வந்து "மாமா, 750தான் காட்டுது" என்று சொல்லியிருந்தால் அவரே கேபிளைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பார்.

எதற்கு மன்னிப்பு என்று கேட்டீர்கள். அளந்ததற்கு வேண்டாம். நீட்டிய ரெசிஸ்டரை வாங்காததற்குக் கேளுங்கள். அம்மாவைத் தூது அனுப்பாதீர்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் இதை ஒரு பஞ்சாயத்தாக்கினால் அடுத்த தீபாவளிவரை இழுக்கும். கருவியையும் போர்டையும் எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். பேசவில்லை என்றாலும் பக்கத்தில் உட்காருங்கள். "அன்னைக்குக் குடுத்தீங்களே, அந்த ரெசிஸ்டர் எங்க மாமா?" என்று கேட்டு, அதை அவர் கையாலேயே மாட்டச் சொல்லுங்கள். பிறகு சோக்கை. எண் குறைவாக வந்தால் அதை அவரிடம் மட்டும் சொல்லுங்கள், அவர் பிரித்துச் சுற்றட்டும், நீங்கள் அளங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடியுங்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியபின் செல்ஃபோன் கோபுரங்கள் படுத்து உங்கள் பக்கம் கிடந்த கிடப்பு உங்களுக்கே நினைவிருக்கும். மாமா கட்டுகிற ஆன்டெனா வெறும் பொழுதுபோக்கு இல்லை.

கேபிள் வாங்க வேண்டாம். எந்த விலைக்கு வாங்கினாலும் ஒரு அடிக்கு 25, 30 பிகோஃபாரட் கூடவே வரும். இருக்கிற கேபிள் போதும், நுனியில் காலிபரேஷன் செய்தால். அந்தப் பணத்தில் இரண்டு எஸ்.எம்.ஏ. சாக்கெட்டும் ஒரு துண்டு காப்பர் போர்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், 750 என்று மூன்று பேர் முன்னால் சொல்லியிருக்கிறீர்கள். சரியான எண் எதுவாக வந்தாலும் கும்பகோணத்துக்கு அந்த மூன்று பேருக்கும் ஃபோன் போட்டுச் சொல்லவேண்டியது நீங்கள்தான். மாமாவைச் சொல்லவைக்காதீர்கள்.