கடற்கரைக் கோயிலை எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது?

கேள்வி: பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு மாமல்லபுரம் போகிறோம். கடற்கரைக் கோயிலை இதுவரை எத்தனையோ முறை எடுத்துவிட்டேன். எல்லாமே காலண்டர் படம் மாதிரிதான் வருகின்றன. என்னிடம் 18-55 லென்ஸ் உள்ள கேமராவும் போனும் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். நுழைவாயிலிலிருந்து வரும் பாதை மேற்கிலிருந்து நேராகக் கோயிலுக்கு வருகிறது. எல்லோரும் அங்கேயே நின்று எடுப்பதால் சின்ன விமானம் (கருவறைக்கு மேலே எழும் கோபுரம்) முன்னால், பெரிய விமானம் பின்னால் என்று ஒன்றையொன்று மறைக்கும் படமே கிடைக்கிறது. தெற்குப் பக்கம் நடந்து போனால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அப்படியே தள்ளி நின்று, லென்ஸை முழுக்க ஜூம் செய்து 55-இல் எடுங்கள். பக்கத்தில் போய், ஜூம் இல்லாத 18-இல் அண்ணாந்து எடுத்தால் விமானம் பின்னால் சாய்ந்துவிடும்.

தெற்கு என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கிறது. அந்த வெயில் தெற்குச் சுவரில் நேராக விழாமல் உரசிக்கொண்டு போகும். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்துச் சிற்பங்களை 1,300 ஆண்டுகளாக உப்புக்காற்று அரித்துவிட்டது. உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் கல்தான். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும்போது யாளியின் பிடரியும் கால்களும் மறுபடி எழுந்து வரும். வடக்குச் சுவருக்கு இந்த வெளிச்சம் ஆனி மாதத்தில்தான் கிடைக்கும். இப்போது அது நிழலில் கிடக்கும், அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம்.

தெற்கு வளாகத்தில் தனிக்கல்லில் ஒரு சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. அதன் மார்பில் சதுரமாகக் குடைந்த மாடத்துக்குள் சிறிய துர்க்கை. கூட்டம் கோயிலைப் பார்த்தே ஓடுவதால் இங்கே நிதானமாக எடுக்கலாம். மண்டியிட்டு, சிங்கத்தின் மார்பு உயரத்துக்குக் கேமராவை இறக்குங்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு படத்துக்காகவே விடிகாலையில் எழுந்து போகலாம்.

நேரக் கணக்கு உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. வளாகத்தைக் காலை 6 மணிக்குத் திறக்கிறார்கள். ஜனவரியில் சூரியன் 6.30-ஐ ஒட்டித்தான் உதிக்கும். மே, ஜூனில் கதவு திறப்பதற்குள்ளேயே உதித்துவிடும். அப்போது வடக்கே, மீன்பிடிப் படகுகள் நிற்கும் மணலிலிருந்துதான் உதயத்தை எடுக்க வேண்டும். அங்கே போனால் வலை பிரிப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

கேமராவில் வானத்தின் வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் கல் கறுத்துவிடும், கல்லுக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடும். சூரியனுக்கு எதிராக எடுக்கும்போது வடிவம் மட்டும் போதும் என்று முடிவு செய்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். போனில் வானத்தைத் தொட்டு, திரையில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் சரி. சிற்பம் வேண்டுமென்றால் வானத்தை முழுக்க வெட்டிவிட்டுப் படம் முழுவதையும் சுவரால் மட்டும் நிரப்புங்கள்.

முக்காலி வேண்டுமானால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம், லென்ஸ். கடலோரத்தில் சீக்கிரமே உப்புப் படலம் பிடித்துப் படம் மங்கும். உடனே சட்டை நுனியால் தேய்க்காதீர்கள், மணல் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் அழுத்தினால் காற்றடிக்கும் ரப்பர் பந்தால் ஊதி, பிறகு லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். போனுக்கும் இதேதான்.