ஏர் ஹோஸில் ஆயில் இருந்தால் டர்போ போச்சா?

கேள்வி: பத்து வருஷம் ஓடிய டீசல் ஹேட்ச்பேக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மெக்கானிக் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி விரலை விட்டுக் காட்டி, "ஆயில் பாருங்க சார், டர்போ போயிடுச்சு, மாத்திடலாம்" என்கிறார். பிக்கப் நன்றாகத்தான் இருக்கிறது, புகையும் இல்லை. மாற்றத்தான் வேண்டுமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: அவசரப்படாதீர்கள். டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி; அந்தக் காற்றைக் குளிர வைப்பது இன்டர்கூலர். விரலில் ஒட்டுகிற ஆயிலை வைத்து டர்போவுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. எந்த இன்ஜினிலும் சிலிண்டருக்குள் எரிகிற வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பக்கம் இறங்கத்தான் செய்யும். ஒர்க்‌ஷாப்பில் இதை பேக் கம்ப்ரெஷன் என்பார்கள். அந்த வாயு கீழே தெறித்துக்கொண்டிருக்கும் ஆயிலில் நுண்ணிய துளிகளை வாரிக்கொண்டு இன்ஜினின் உச்சியில் இருக்கும் மூடியான டேப்பட் கவருக்கு ஏறி, அங்கிருந்து பிரீதர் ஹோஸ் வழியாக, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கிற குழாயில் வந்து சேர்கிறது. கம்பெனியே அப்படித்தான் டிசைன் செய்து கொடுத்திருக்கிறது. அதனால் டர்போ டீசலில் ஹோஸ் லேசாக ஈரமாக இருப்பது வியாதியே இல்லை.

டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாயையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயும் ஈரம் என்றால் ஆயில் பிரீதரிலிருந்து வருகிறது. முன்பக்கம் காய்ந்து கிடந்து பின்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் டர்போவைச் சந்தேகப்படலாம். இன்ஜின் ஆறியதும் டர்போ ஷாஃப்டைக் கையால் அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம் சகஜம், ஆனால் முன்னும் பின்னும் ஆடினாலோ பிளேடு ஹவுசிங்கில் உரசினாலோ வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம், பலர் கோட்டை விடுவது இங்கேதான்: டர்போவுக்குள் போகும் ஆயில் தானாக வடிந்துதான் சம்புக்குத் திரும்புகிறது. பிரீதர் அடைத்து சம்புக்குள் பிரஷர் ஏறினால் அந்த ஆயில் வடிய வழியில்லாமல் டர்போவின் ஆயில் சீலைத் தாண்டி ஏர் ஹோஸுக்குள் வரும். அந்த நிலையில் புது டர்போ போட்டாலும் அதுவும் கசியும், காசு போனதுதான் மிச்சம். எனவே முதலில் பிரீதர், அப்புறம் டர்போவின் ரிட்டர்ன் பைப், அதன் பிறகுதான் டர்போ.

ஹோஸைக் கவிழ்த்தால் ஆயில் கொட்டுகிறது என்றால் மட்டும் வண்டியை ஓட்டாதீர்கள். டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரித்து ஓட ஆரம்பித்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஆர்.பி.எம். தானாக ஏறும். மேனுவல் வண்டி என்றால் பிரேக்கை முழுசாக மிதித்து, மேல் கியரில் போட்டு கிளட்சை விட்டு அணைத்துவிட வேண்டும்.

கேள்வி: சர்வீஸ் முடிந்து வந்த பெட்ரோல் காரில் ஏர் ஃபில்டர் பாக்ஸுக்குள் ஆயில் தேங்கி நிற்கிறது. முன்பு இப்படி இருந்ததில்லை. (வாசகி, பெரம்பூர்)

பதில்: சர்வீஸுக்குப் பிறகுதான் என்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அதிகமாக ஊற்றிவிட்டார்கள். "கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே" என்று ஊற்றுகிற கைராசிக்காரர்கள் எல்லா ஏரியாவிலும் இருக்கிறார்கள். சம்புக்கு மேலே சுழலும் கிராங்க் தண்டு அந்த ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை பிரீதரில் ஏறும். கூடுதல் ஆயிலை வெளியே எடுத்தாலே பல வண்டிகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

லெவல் சரியாக இருந்தால் பி.சி.வி. வால்வைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினில் சம்ப் வாயுவை இன்டேக் மேனிபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) இழுத்துக்கொள்ள வழிவிடும் சின்ன வால்வு அது. ஜாம் ஆனால் வாயு வேறு வழியின்றி, சுத்தமான காற்று வரவேண்டிய ஹோஸில் எதிர்த்திசையில் போய் ஃபில்டர் பாக்ஸில் ஆயிலைத் துப்பும். வண்டி நின்றபடி இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, வாயில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் என்றால் பெரும்பாலும் தாளை லேசாக உள்ளே இழுக்கும். வெளியே தள்ளினால் வால்வு அடைப்பு, இல்லையென்றால் ரிங் தேய்மானம். வால்வு விலை பெரிதில்லை. அதற்காகப் புதுப்பேட்டையில் பழசு தேடி அலையாமல் புதுசே வாங்குங்கள். ஆயிலில் ஊறிய பேப்பர் ஃபில்டரையும் ஏர் அடித்துத் திரும்பப் போடவேண்டாம்.

கேள்வி: பிரீதர் ஹோஸைக் கழற்றிக் கீழே தொங்கவிட்டால் இன்டேக்கில் ஆயிலே வராது என்கிறான் நண்பன். சரியா? (வாசகர், ராயப்பேட்டை)

பதில்: இன்டேக்கில் வராது, உண்மைதான், ரோட்டில் வரும். பழைய கார்கள் எல்லாம் அப்படித்தான் வாயுவைக் கீழே விட்டன. அந்த வாயுவில் எரியாத பெட்ரோல் ஆவி நிறைய இருப்பதால்தான் 1961 மாடலிலிருந்து கலிஃபோர்னியாவில் விற்ற கார்களில் அதைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் ஏற்பாடு வந்தது. இன்றைய காரில் ஹோஸைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாக கணக்கில் வராத காற்று உள்ளே போய் ஐடில் ஏறி இறங்கும், செக் இன்ஜின் லைட்டும் எரியலாம். சிலர் ஹோஸைக் கழற்றி அடைத்தே விடுகிறார்கள். அது இதைவிட மோசம், பிரஷர் ஏறி கிராங்க் ஆயில் சீல் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

கேள்வி: என்னுடையது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல். கேட்ச் கேன் மாட்டலாமா? (வாசகர், அண்ணா நகர்)

பதில்: கேட்ச் கேன் என்பது பிரீதர் வழியில் மாட்டும் டப்பா, வாயுவிலிருந்து ஆயிலைப் பிரித்துத் தேக்கி வைக்கும். உங்கள் மாதிரி வண்டிக்குத்தான் அதில் கொஞ்சமாவது நியாயம் இருக்கிறது. சாதாரண இன்ஜினில் பெட்ரோல் இன்டேக் வால்வின் மேல் தெளிக்கப்படுவதால் வால்வு கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது, அதனால் வால்வில் ஒட்டும் ஆயில் சூட்டில் கரியாக இறுகிவிடுகிறது. டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் அந்த இடத்தைத் தொடுவதேயில்லை, ஈ.சி.ஆரில் விரட்டி ஓட்டினாலும் அந்தக் கரி போகாது. மேனிபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளை அடித்து எடுப்பதுதான் நம்பகமான வழி.

மாட்டுவதென்றால் உள்ளே தடுப்போ வலையோ உள்ளதாக வாங்குங்கள். ஆன்லைனில் பளபளவென்று வரும் வெற்று அலுமினிய டப்பாவில் வாயு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் ஆயிலோடு போய்விடும், அழகுக்கு மட்டுமே ஆகும். டர்போ பெட்ரோலில் பெரும்பாலும் வாயுவுக்கு இரண்டு வழி: மெதுவாகப் போகும்போது மேனிபோல்டுக்கு, டர்போ அழுத்தும்போது டர்போவின் முன்பக்கத்துக்கு. ஒன்றில் மட்டும் மாட்டினால் பாதி வேலைதான். எக்ஸாஸ்ட் சூடு படாத இடமாகப் பார்த்து, ஆயில் தாங்கும் ஹோஸ் போடுங்கள். மாதம் ஒரு முறையாவது திறந்து காலி செய்யுங்கள், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம், ஏனெனில் தண்ணீரும் சேரும். அந்தக் கலவையை இன்ஜினிலும் ஊற்றாதீர்கள், தெருக் கால்வாயிலும் ஊற்றாதீர்கள். மறந்து நிரம்பவிட்டால் மொத்தமும் ஒரே மடக்காக இன்டேக்குக்குள் போகும். இவ்வளவையும் பார்த்துக்கொள்ளப் பொறுமை இல்லையென்றால், வாரண்டி முடியும்வரையாவது மாட்டவேண்டாம் என்பேன். சரியான கிரேடு ஆயிலை நேரத்துக்கு மாற்றினாலே போதுமான அளவு தப்பிக்கலாம்.

கேள்வி: பிஎஸ்-6 டீசல் எஸ்.யு.வி. ஆயில் ஊற்றாமலேயே லெவல் ஏறுகிறது! (வாசகர், சோழிங்கநல்லூர்)

பதில்: அது டீசல். எக்ஸாஸ்டில் உள்ள டி.பி.எஃப். ஃபில்டரில் சேரும் கரியை எரிக்க, பல வண்டிகளில் இன்ஜின் கூடுதலாக டீசலைத் தெளிக்கும். ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் ஊர்ந்துவிட்டு நடுவிலேயே அணைத்தால் அந்த வேலை முடியாது, மறுபடி மறுபடி தெளித்து மிச்சம் சிலிண்டர் சுவர் வழியாக சம்பில் இறங்கும். லெவல் ஏறினால் இரண்டாவது கேள்வியில் சொன்ன கதைதான், பிரீதர் வழியாக இன்டேக்குக்கு வரும். மேல் கோட்டைத் தாண்டிவிட்டதென்றால் வடித்துச் சமாளிக்காமல் ஆயிலையே மாற்றுங்கள், டீசல் கலந்த ஆயிலுக்கு பேரிங்கைக் காப்பாற்றத் தெம்பு கிடையாது. பிறகு வாரம் ஒரு முறை ஜி.எஸ்.டி. ரோட்டில் நிற்காமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

கேள்வி: ஆயில் மூடியின் அடியில் வெள்ளையாக மோர் மாதிரி இருக்கிறது. (வாசகி, தி. நகர்)

பதில்: கோயில், காய்கறிக் கடை என்று கிட்டத்திலேயே ஓட்டுகிறீர்களா? இன்ஜின் முழுசாகச் சூடாகாததால் ஈரம் ஆவியாகாமல் தங்குகிறது, மூடியில் மட்டும் என்றால் ஒரு நீண்ட டிரைவில் போய்விடும். டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம், கூலன்டும் குறைகிறது என்றால் ஆயிலும் கூலன்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் ஸ்டார்ட்டே செய்யாமல் டோ செய்து கொண்டுபோங்கள்.