மலைக்கும் கடலுக்கும் நடுவே கேரளம்: கொழும்பு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேரளத்தைப் பற்றிக் கொழும்புத் தமிழ் வாசகர்கள் கேட்டவற்றுக்கு, இங்கே நீண்ட காலம் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

வெள்ளவத்தை, உயர்தர மாணவி: ஐயா, ஆனி மாதத்தில் கொழும்பிலும் கேரளத்திலும் ஒரே வேளையில் மழை கொட்டுகிறது. மலைக்கு அப்பால் கோயம்புத்தூர்ப் பக்கம் மட்டும் ஏன் மழை குறைவு?

இரண்டு இடத்திலும் பெய்வது ஒரே தென்மேற்குப் பருவக்காற்றின் மழைதான். அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து கரையேறும் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்து மேலே ஏற்றுவதால், அது குளிர்ந்து கேரளத்திலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டும்போது அதில் ஈரம் அதிகம் மிஞ்சுவதில்லை. நம் மலையகத்தின் மேற்குச் சரிவிலுள்ள வட்டவளையில் அடைமழை பெய்யும் அதே நாட்களில் மலைக்குக் கிழக்கே மட்டக்களப்பில் வறண்ட கச்சான் காற்று வீசுவதும் இதனால்தான். கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கி ஓட, கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே கிழக்கே திரும்புகின்றன. மலையும் கடலும் இவ்வளவு நெருங்கி நிற்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அந்த நாட்டின் வேளாண்மையும் வணிகமும் தாமாகவே விளங்கும்.

தெஹிவளை வாசகர்: அங்கே கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். வேம்பநாட்டுக் காயலின் (காயல் என்பது நம் களப்பு போன்றது) தெற்கே, பம்பை, மணிமலை, அச்சன்கோவில் முதலிய ஆறுகள் மலையிலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் வண்டலில் அமைந்தது குட்டநாடு. அங்குள்ள வரம்பொன்றில் நின்று பார்த்தால், ஒரு பக்கம் வாய்க்காலில் வள்ளம் மிதந்து போகும். மறுபக்கம் நெற்கதிர்கள் அந்த வள்ளத்தின் அடிப்பலகையை விடத் தாழ்வாக நிற்கும். முதன்முறை பார்ப்பவருக்குத் தண்ணீர் எங்கே, தரை எங்கே என்று கண் மயங்கும்.

காயலின் அடியில் தென்னங்குற்றிகளை இறக்கி, இடையில் சேறும் மணலும் மரக்கிளையும் நிரப்பி வரம்பு எழுப்பினார்கள். உள்ளே நிற்கும் நீரை முதலில் காலால் மிதிக்கும் சக்கரங்களாலும், பிறகு ‘பெட்டியும் பறையும்’ என்று அவர்கள் அழைக்கும் மரப்பெட்டி இறைப்பான்களாலும் வெளியேற்றினார்கள். மூச்சடக்கி நீரில் மூழ்கிக் களிமண் அள்ளியவர்களில் பெரும்பாலானோர் புலையர் முதலிய ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். அவர்கள் எழுப்பிய நிலம் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் குட்டநாட்டைப் புகழ எனக்கு மனம் வருவதில்லை.

கோடையில் உப்புநீர் ஏறாதிருக்கத் தண்ணீர்முக்கத்தில் ஒரு தடுப்பணை கட்டினார்கள். நெல் பிழைத்தது. ஆனால் கடலுக்கும் காயலுக்கும் இடையே வந்துபோகும் மீனுக்கும் இறாலுக்கும் வழி அடைபட்டது. அழுக்கு கழுவப்படாமல் தேங்க, நீர்ப்பாசிகளும் பெருகின. கமக்காரரும் மீனவரும் இன்றுவரை இதில் ஒத்துப்போகவில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை வாசகர்: எங்கள் கொச்சிக்கடைக்கும் கொச்சிக்கும் தொடர்பு உண்டா?

பெயரே சொல்கிறது. அங்குள்ள அந்தோனியார் கோயிலைத் தொடங்கிய குருவானவர் கொச்சியிலிருந்து வந்தவர் என்பதே அங்கு வழங்கும் மரபு. அது மட்டுமா? நாம் நாள்தோறும் கறிக்குப் போடும் மிளகாயையே ‘கொச்சிக்காய்’ என்கிறோம்.

பம்பலப்பிட்டி, சட்டத்தரணி: யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை எம்மை ‘மலபார் குடிகள்’ என்கிறது. அப்படியானால் நாம் மலையாளிகளா?

அப்படிக் கொள்ள முடியாது. 1707இல் ஒல்லாந்தர் தேசவழமையைத் தொகுத்தபோது, போர்த்துக்கேயரைப் பின்பற்றித் தமிழ் பேசுவோரையும் ‘மலபாரிகள்’ என்றே எழுதினார்கள். அதை வைத்து மட்டும் பூர்வீகத்தை நிறுவ முயல்வது தவறு. சொத்து தாய்வழியே இறங்கும் கேரளத்தின் மருமக்கத்தாயமும் மட்டக்களப்பின் தாய்வழிக் குடிமுறையும் ஒப்பிட்டு ஆராயத்தக்கவை. ஆனால் அது வேறு கேள்வி.

ஒல்லாந்தரைப் பற்றிப் பேசும்போது குளச்சலை விடக்கூடாது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவை அடக்க இலங்கையிலிருந்தே படை அனுப்பினார்கள். 1741இல் அந்தப் படை குளச்சல் கரையில் தோற்றது. சிறைப்பட்ட டி லனோய் என்ற அதிகாரி அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்து, 1777இல் உதயகிரிக் கோட்டையில் இறந்தார். 1956இல் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது குளச்சல் இன்றைய தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டது.

தெமட்டகொடை வாசகி: பெரிய தொழிற்சாலைகள் இல்லாமல் கேரளம் எப்படி முன்னேறியது?

கயிறு, முந்திரி, மிளகு, தேயிலை, இறப்பர் எல்லாம் உண்டு என்றாலும், கல்வியையும் நிலச் சீர்திருத்தத்தையும் வெளிநாட்டு உழைப்பையும் நான் முன்னே வைப்பேன். 1970இல் குத்தகை முறை ஒழிக்கப்பட்டது. பயிரிட்டவருக்கு நிலமும், குடியிருந்தவருக்கு வீட்டுக் காணியும் கிடைத்தன. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 94 சதவீதம். படித்த பிள்ளைகளுக்கு ஊரில் வேலை இல்லாததால் வளைகுடாவுக்குப் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடுகள் எழுந்தன. அந்த வீடுகள் பலவற்றில் இன்று முதியோர் மட்டுமே இருக்கிறார்கள். இலவசக் கல்வி பெற்ற பிள்ளைகளை மத்திய கிழக்குக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மட்டக்குளி, துறைமுக ஊழியர்: விழிஞ்ஞம் துறைமுகம் எங்கள் வேலையைப் பறித்துவிடுமா?

உங்கள் கவலை நியாயமானது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கேயுள்ள விழிஞ்ஞம் 2025 மே 2ஆம் திகதி முறையாகத் திறக்கப்பட்டது. சர்வதேசக் கப்பல் பாதையிலிருந்து ஏறத்தாழ 10 கடல் மைல் தொலைவு. இயற்கையாகவே ஆழமான கரை. கொழும்பில் கப்பல் மாறும் கொள்கலன்களில் பெரும்பங்கு இந்தியாவுக்கு உரியவை என்பதால் போட்டி இருக்கத்தான் செய்யும். ஆனால் பல முனையங்களும் நெடுங்கால அனுபவமும் கொழும்பின் பலம். விழிஞ்ஞத்தை நடத்தும் அதானி குழுமமே கொழும்பு மேற்கு முனையத்திலும் பெரும்பங்காளி என்பதால், இதை இரு நாட்டுப் போட்டியாக மட்டும் பார்க்க முடியாது.

எனக்குப் பெரிய கவலை கடலைப் பற்றியது. அதே மே மாதம், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 640 கொள்கலன்களுடன் மூழ்கியது; பிளாஸ்திக் மணிகள் கேரளக் கரையில் ஒதுங்கின. 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபின் பமுனுகமக் கரையில் நாம் கண்டதும் அதே சவ்வரிசி போன்ற வெள்ளை மணிகள்தான். அரிதட்டில் மணலை அள்ளி அள்ளிச் சலித்தாலும், அடுத்த அலை இன்னொரு பிடியைக் கொண்டுவந்து போட்டது. கப்பல்களை வரவேற்கும் இரண்டு துறைமுகங்களும் இத்தகைய விபத்துக்கு ஒரே திட்டத்தை முன்கூட்டியே வகுத்திருக்க வேண்டும். உங்கள் தொழிற்சங்கம் இந்தக் கோரிக்கையையும் வேலைப் பாதுகாப்போடு சேர்த்து எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.