குறைச்ச எடை ஏன் திரும்ப ஏறுது? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, டயட் இருந்து 14 கிலோ குறைச்சேன், எட்டு மாசத்துல 9 கிலோ திரும்ப ஏறிடுச்சு. வாயக் கட்டத் தெரியலன்னு மாமியார் சொல்றாங்க. என் தப்பா?

பதில்: இல்லம்மா, அந்தப் பேச்ச காதுல போட்டுக்காதீங்க. எடை குறைஞ்சா உடம்புக்கு அது பஞ்சம் வந்த மாதிரிதான், கொழுப்புல சுரந்து போதும்னு மூளைக்குச் சொல்ற லெப்டின்ங்கிற ஹார்மோன் குறையுது, பசியத் தூண்டுற கிரெலின்ங்கிற ஹார்மோன் ஏறுது. 2011ல வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வுல பத்து வாரம் கடும் டயட் இருந்தவங்கள ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தப்பவும் இந்த ஹார்மோன்லாம் பழைய நிலைக்கு வரல, பசியும் அடங்கல. அமெரிக்கால பிக்கஸ்ட் லூசர்னு எடை குறைக்குற டிவி போட்டி, அதுல இருந்த 14 பேர கெவின் ஹால்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு ஆறு வருஷம் கழிச்சு அளந்து 2016ல எழுதினாங்க, அந்த எடைக்கு எரிய வேண்டியத விட தினமும் 500 கலோரி கிட்ட கம்மியா எரிஞ்சுது, அதாவது ஒரு வேளை சாப்பாடு! அவங்க குறைச்சது ரொம்ப அதிகம், உங்களுக்கு அவ்ளோ இருக்காது. ஆனா எதை எதிர்த்து நிக்கிறீங்கன்னு இப்ப புரியுதா?

கேள்வி: அப்போ 800 கலோரிக்கு இறக்கிடவா?

பதில்: தயவுசெஞ்சு வேணாம். டாக்டர் கண்காணிப்பு இல்லாம அப்படி இறக்கினா கொழுப்போட சதையும் கரையும், எரியுறது இன்னும் கொறையும். முட்டை, மீன், சுண்டல், பயறுன்னு ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும், வாரத்துல ரெண்டு மூணு நாள் வெயிட் தூக்குங்க.

கேள்வி: கிரீன் டீ குடிச்சா மெட்டபாலிசம் ஏறுமா மேடம்?

பதில்: பிடிச்சா குடிங்க, எடைக்காகன்னா பெருசா ஒண்ணும் ஆகாது.

கேள்வி: எடை குறைய இரைப்பைய சின்னதாக்குற ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம். இப்ப பசிக்குது, 4 கிலோ ஏறிருக்கு. இரைப்பை திரும்ப பெருசாயிடுச்சா?

பதில்: பயப்படாதீங்க சார், ரெண்டாவது வருஷத்துக்கு மேல கொஞ்சம் ஏறுறது நிறைய பேருக்கு நடக்குது. இந்த ஆபரேஷன்ல இரைப்பைல முக்காவாசிக்கு மேல எடுத்துடறாங்க, கிரெலின் அதிகமா சுரக்குறது அந்தப் பகுதிலதான், அதான் முதல் வருஷம் பசியே தெரியாது, அப்புறம் மெதுவா வரும். பை கொஞ்சம் விரியும்தான், ஆனா நான் முதல்ல கேக்குறது வேளைக்கு நடுவுல என்ன உள்ள போகுதுன்னு, டீ, ஜூஸ், மிக்சர், பிஸ்கட் எல்லாம் சின்ன பைலயும் வழுக்கிட்டு போயிடும், ரெண்டு இட்லிக்கு மேல முடியாதவங்க கூட ஒரு பாக்கெட் மிக்சர முடிச்சிடுவாங்க. தட்டுல புரதத்த முதல்ல சாப்பிடுங்க, சாப்பிடும்போது தண்ணி வேணாம், பி12, இரும்பு மாத்திரைய நிறுத்திடாதீங்க. நெஞ்செரிச்சலோ வாந்தியோ இருந்தா இந்த வாரமே சர்ஜன பாருங்க, நான் சொல்றத வச்சு தள்ளிப் போடாதீங்க.